ஒன்பது நாள் ருசி

ஒரு திங்கட்கிழமை காலையில் வெல்டருக்குப் பட்டறை பூட்ஸ் காலில் ஏறவில்லை. சனிக்கிழமை வரை போட்டுக்கொண்டு போன அதே பூட்ஸ்தான். வாசற்படியில் உட்கார்ந்து நாடாவை முழுக்க உருவிப்போட்டு, குதிகாலைத் தரையில் குத்திக் குத்திப் பார்த்தார். கடைசியில் ரப்பர் செருப்போடு வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது செருப்பு வார் பதிந்த பள்ளம் பாதத்தின் மேல் அப்படியே இருந்தது. அவர் மனைவி கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி நிரம்பவில்லை.

அப்போது நான் அவர்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். பஸ் பணிமனையில் எழுத்தர் வேலை, மத்தியான ஷிஃப்ட். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்று வெல்டர் சொல்லுவார். அவர் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருந்தார். நல்ல ஆகிருதி. கழுத்திலும் முன்கையிலும் தீப்பொறி பட்ட தழும்புகள் கடுகு சிதறினது போல இருக்கும். அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன் துளை, காலர் பட்டனோடு எட்டு. தெருவில் எல்லாருக்கும் அவள் காஜாம்மா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வெல்டருக்கு ஒரே ஒரு அக்கா, இரண்டு தெரு தள்ளி, மார்க்கெட் முனையில் கருவாட்டுக் கடை. அம்மா செத்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, தம்பிக்கு நாலு. அன்றிலிருந்து மீனைக் கீறி, குடலை எடுத்து, உப்பை அள்ளித் தேய்த்து, தொட்டியில் அடுக்கி, மூன்று நாள் வெயிலில் புரட்டிப் போட்டு விற்றுத்தான் தம்பியை ஆளாக்கினாள். அவள் உள்ளங்கையில் வெடிப்புகள் உண்டு. உப்பு இறங்கி இறங்கி அவை மூடவே இல்லை. கட்டியவன் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வேறு நினைப்பே வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு அவள் கருவாட்டக்கா. காஜாம்மாவுக்கு மட்டும் அண்ணி.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச்சொல்லிக் காஜாம்மா கூப்பிட்டதால் நானும் போனேன். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு கிட்னி டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க கிட்னி ரெண்டும் சேர்ந்து நூத்துக்கு இருபத்தஞ்சுதான் வேலை செய்யுது. போனது போனதுதான். மிச்சத்தை எத்தனை வருஷம் இழுத்துட்டுப் போறோம்கிறதுதான் இனிமே விஷயம்."

"எனக்கு வலி ஒண்ணும் இல்லையேம்மா."

"அதுதான் இதோட கெட்ட குணம். சத்தமில்லாம வரும். மாத்திரை எழுதித் தர்றேன். அதைவிட முக்கியம் உப்பு. உப்பு உள்ள போனா தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கும். நல்ல கிட்னின்னா மிச்சத்தை வெளிய தள்ளிடும். உங்களோடது தள்ளாது. தண்ணி முதல்ல கால்ல நிக்கும், அப்புறம் நுரையீரல்ல நிக்கும். பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா மிச்சமிருக்கிற கிட்னியும் அடிவாங்கும்."

"எவ்வளவு போடலாம்?" என்று காஜாம்மா கேட்டாள்.

"நாள் முழுக்க எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குக் கீழ. ரொட்டியில இருக்கிறது, பிஸ்கட்ல இருக்கிறது எல்லாம் அதுல சேர்த்தி. ஊறுகாய், கருவாடு வீட்டுப் பக்கமே வரக்கூடாது."

வெல்டர் சிரித்தார். "கருவாடு வரக்கூடாதுன்னா எங்க அக்காவே வரக்கூடாதும்மா."

காஜாம்மா அரைகுறையாக எதையும் செய்கிறவள் இல்லை. துளை ஒரு நூல் தள்ளிப் போனாலும் சட்டையைப் பிரித்துத் திரும்பப் போடுவாள். உப்பு விஷயத்திலும் அப்படித்தான். டாக்டர் ஒரு டீஸ்பூனுக்குக் கீழ என்றால் இவள் கால் டீஸ்பூன் வைத்தாள். ஊறுகாய் பாட்டில்களை எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எலுமிச்சை, மிளகு, பூண்டு, வதக்கின வெங்காயம் என்று என்னென்னவோ செய்து பார்த்தாள். அவர் சாப்பிடுகிறதைத்தான் அவளும் சாப்பிட்டாள். வீட்டில் இரண்டு உப்பு வேண்டாம், கை மாறிவிடும் என்று சொல்லிவிட்டாள்.

"கிட்னிக்குத்தான் ஓய்வு குடுக்கச் சொன்னாங்க," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி வெல்டர் சொல்லுவார். "இவ நாக்குக்கும் சேர்த்துப் பென்ஷன் குடுத்துட்டா, கிளார்க்கம்மா."

"பேசாம சாப்பிடுங்க."

"சாப்பிடறேன். எது முட்டை, எது உருளைக்கிழங்குன்னு மட்டும் சொல்லிடு. கண்ணை மூடினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

கேலியாகச் சொன்னாலும் அவர் பாடு லேசானது இல்லை. தகரக் கூரைக்கு அடியில், முகத்தை மறைக்கும் கண்ணாடி மூடிக்குள் வியர்த்து ஊற்றும் வேலை. மற்றவர்கள் மோரும் உப்புமாய்க் கரைத்துக் குடிக்கும்போது இவர் அளந்த தண்ணீரை இரண்டு வாய் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் பலன் இருந்தது. கால் வற்றியது. பூட்ஸ் ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியே நிக்குது. நிக்கிறதே பெரிசு," என்பாள். ஒன்றரை வருஷம் அப்படியே நின்றது.

கருவாட்டக்காவுக்கு அந்தக் காகிதமெல்லாம் புரியாது. அவளுக்குப் படிப்பு இல்லை. தம்பியின் கன்னம் ஒட்டிப் போனதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு கல்லு போட்டா என்னம்மா ஆயிடும்? உழைக்கிற உடம்பு."

"டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணி."

"டாக்டர் நூறு சொல்லுவாங்க. சோறு போடறவ நீதானே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைப் பக்கம் போனபோது அக்கா அடுப்பில் கருவாட்டைச் சுட்டு, சுடுசோற்றின் மேல் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவரும் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால்தான் வந்தது. நுரையீரலில் தண்ணீர். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிட்னியின் இருபத்தைந்து பதினெட்டாக இறங்கியது.

அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு காஜாம்மா மார்க்கெட்டுக்குப் போனாள். கடை முன்னால் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டாள். "வளர்த்த கையாலேயே முடிச்சு வைக்கப் பாக்கறீங்களா அண்ணி?"

கருவாட்டக்கா கையில் இருந்த மீனைத் தட்டில் போட்டாள். அதன் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தம்பியைப் பார்க்க வேண்டும் என்றால் பட்டறை வாசலில் போய் நிற்பாள். வெறுங்கையோடு நிற்பாள், அவருக்கு ஒன்றும் கொண்டுபோவதில்லை.

அந்த எட்டு மாதத்தில் வெல்டரிடம் கேலி குறைந்தது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருப்பார். காஜாம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்காருவாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்களேன்."

"இறங்கல. நாக்கு செத்துப்போச்சு."

"எனக்கும் அதே சாப்பாடுதானே."

"தெரியும்மா. அதனாலதான் உன்னைத் திட்டவும் முடியல."

ஒரு வியாழக்கிழமை காலை கருவாட்டக்கா வந்தாள். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குளித்து, வேறு புடவை கட்டி வந்திருந்தாள். கடை வாசனை வீட்டுக்குள் வரக்கூடாது என்று பார்த்திருப்பாள் போல. கையில் ஒரு கண்ணாடி ஜாடி. காஜாம்மா எழுந்து நின்றாள்.

"உள்ள வாங்க அண்ணி."

"வர்றேன். முதல்ல இதை வாங்கு. இது சாதா உப்பு இல்ல. பிரஷர்காரங்களுக்குன்னே தனியா வருதாம். பெரிய கடைக்காரர் சொன்னார், டாக்டர் வீட்லயெல்லாம் இதைத்தான் வாங்கறாங்களாம். உப்போட கெடுதல் இதுல பாதிகூட இல்லியாம். பாக்கெட் ஓரம் கிழிஞ்சு கொட்டிச்சு, அதான் ஜாடியில போட்டுக் கொண்டாந்தேன்."

காஜாம்மா ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புதான். கடைசியில் லேசாக ஒரு கசப்பு.

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன் அண்ணி. பத்து நாள்ல போகணும்."

"கேளு. தாராளமா கேளு." கருவாட்டக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அன்னிக்குப் பண்ணினது தப்புதான். எனக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லல. அவன் தட்டைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கல, அதான்."

அன்று பட்டறைக்கு லீவு போட்டிருந்த வெல்டர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். ஜாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கேட்டிருந்தால்கூடக் காஜாம்மா மறுத்திருப்பாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறு, முட்டை, வதக்கின கீரை, எல்லாவற்றிலும் ஜாடி உப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ரொம்ப நாளுக்குப் பிறகு வெல்டரின் சிரிப்பு கேட்டது. இரண்டாவது தடவை சோறு கேட்டார். அடுத்தடுத்த நாளும் மத்தியானம் பட்டறையிலிருந்து வீட்டுக்கே சாப்பிட வந்து அப்படியே கேட்டார். கருவாட்டக்கா தினமும் மத்தியானம் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போனாள். கால் வீங்கவில்லை. மூச்சு முட்டவில்லை. காஜாம்மா தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், குழி விழவில்லை. அவளுக்குத் தைரியம் வந்தது. கால் டீஸ்பூன் ஒன்றாகி, ஒன்றரையானது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஏணியில் ஏற முடியவில்லை என்று பட்டறையில் உட்கார்ந்துவிட்டாராம். வெயில் என்று நினைத்தார்கள். பத்தாம் நாள் காலை காஜாம்மா என் கதவைத் தட்டினாள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கால் என்னோடது மாதிரியே இல்ல, கிளார்க்கம்மா. சொன்னா கேக்க மாட்டேங்குது." உதட்டைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறது என்றார். பேச்சு மெதுவாக வந்தது.

நான்கு பேராகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர்களை ஒட்டி வரைபடம் எடுத்த இளம் டாக்டர், அதை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். கையில் ஊசி ஏற்றினார்கள். கிட்னி டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது மணி பத்து.

"என்ன சாப்பிட்டார்? பழம்? பழச்சாறு? நாட்டு மருந்து ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நீங்க சொன்னபடிதான்." என்றாள் காஜாம்மா. "உப்பு மட்டும் மாத்தினேன். பிரஷர்காரங்க உப்புன்னு கடையில விக்கிறாங்களே, அது. அவங்க அக்கா ஆசையா வாங்கிட்டு வந்தாங்க."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அதுல சோடியத்தைக் குறைச்சுட்டுப் பொட்டாசியம் போட்டிருப்பாங்கம்மா. மத்தவங்களுக்கு நல்லதுதான். கிட்னி கெட்டவங்களுக்கு அது வெளிய போகாது. இவர் சாப்பிடற மாத்திரையும் சேர்ந்து அதை ஏத்திவிடும். ரத்தத்துல ஏறினா நேரா இதயத்தைப் பிடிக்கும்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "உப்பு உப்புன்னு அத்தனை தடவை சொன்னேன். இதை நான் சொல்லல."

டயாலிசிஸ் மெஷினைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு அவள் போனாள். திரும்பிப் பார்த்தபோது வெல்டர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

"நீங்க பேசாதீங்க."

"சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"நீயும் போட்டுக் குழப்பிக்காத. ஒன்பது நாளும் நல்லாத்தான் இருந்துச்சு."

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மெஷினைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தோம். அதை அவருக்கு மாட்டுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. பதினொன்று பத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தாள்.

கருவாட்டக்கா வந்தபோது தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வெடித்தபோது அது காஜாம்மாவின் மேல் போய் விழுந்தது.

"ரெண்டு வருஷம் மண்ணு மாதிரி சோறு போட்டியே. தெம்பெல்லாம் போக வெச்சுட்டியே. என் பிள்ளைக்கு நாக்குல ருசி தெரிஞ்சது இந்த ஒன்பது நாள்தானே. அதையும் நான் கொண்டாந்து குடுக்க வேண்டியிருந்துச்சே. முன்னாடியே போட்டிருந்தா பொழைச்சிருப்பானே."

கூடியிருந்தவர்கள் காஜாம்மாவைப் பார்த்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அதன் பிறகு தெருவில் அவளைப் பற்றி அப்படித்தான் பேசினார்கள். புருஷனைப் பத்தியம் போட்டே வாட்டினவள் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"சொல்லிடேன். உன்மேல பழி நிக்குது."

"நிக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். "அவங்களுக்கு இப்ப ஒரே ஒரு பிடிமானம்தான் இருக்கு, கிளார்க்கம்மா. தம்பி கடைசியா நல்லாச் சாப்பிட்டான், நான் குடுத்ததைச் சாப்பிட்டான்னு. அதையும் பிடுங்கிட்டா அந்த மனுஷி எதை வெச்சு எழுந்திருப்பா? என்னைத் திட்டினா திட்டட்டும். கலந்து போட்டது நான்தானே. பத்து நாள் பொறுத்துக் கேட்டிருக்கலாம். கேக்கல."

இரண்டு மாதம் போயிற்று. இஸ்திரிக்காரரிடம் துணி வாங்கப் போயிருந்தேன். அவர் மனைவிக்கும் கிட்னிதான். முகம் உப்பிப்போய்க் கடைக்குள் படுத்திருப்பாள். அவர் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"கருவாட்டக்காவுக்குப் பெரிய மனசும்மா. கிட்னிக்காரங்களுக்குன்னு ஒரு உப்பு இருக்காமே, காலையில புதுசா வாங்கி ஜாடியில போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. தம்பி கடைசி வரைக்கும் இதைத்தான் ஆசையாச் சாப்பிட்டான், அவன் பேரைச் சொல்லி யாராவது நல்லாச் சாப்பிடட்டும்னாங்க."

"போட்டுட்டீங்களா?"

"மத்தியானம்தான் சமைக்கணும்."

"போடாதீங்க. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு, துணியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

காஜாம்மா கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள். சட்டை ஊசிக்கடியில் பாதித் துளையோடு நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். மார்க்கெட் முனையில் வெயில் கொளுத்தியது. கருவாட்டக்கா தட்டில் மீன்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காஜாம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, இஸ்திரிக்கடைக்குக் குடுத்த உப்பைத் திருப்பி வாங்கிடுங்க."

"ஏன்? அந்தப் பொண்ணையும் மண்ணு திங்க வைக்கணுமா?"

"கிட்னி கெட்டவங்களுக்கு அது ஆகாது அண்ணி. பிரஷர் மட்டும் இருக்கிறவங்களுக்குத்தான். கிட்னி போனவங்களுக்கு அது இதயத்துக்குப் போயிடுமாம்."

"யார் சொன்னா?"

"டாக்டரம்மா."

கருவாட்டக்கா கையில் இருந்த மீனோடு நின்றாள். "எப்பச் சொன்னாங்க?"

காஜாம்மா தட்டில் இருந்த மீன்களைப் பார்த்தாள்.

"எப்பச் சொன்னாங்கன்னு கேக்கறேன்."

"அன்னிக்கு," என்றாள் காஜாம்மா.

கருவாட்டக்கா என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். மீனைத் தட்டில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடையை விட்டு இறங்கினாள். அத்தனை வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. இஸ்திரிக்காரரிடம் என்ன சொன்னாளோ, திரும்பி வரும்போது ஜாடி கையில் இருந்தது. அதைச் சாக்கடையோரம் கவிழ்த்தாள். கடைசித் துளி வரை தட்டினாள். பிறகு கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது அண்ணி."

"நான் உன்னை என்னென்ன பேசினேன். நடு வீட்ல வெச்சுப் பேசினேன்."

"தப்பு உங்களோடது மட்டுமா? போட்டது நான். வாங்கிட்டு வந்தது அன்புல. போட்டதும் அதுலதான். யாரைன்னு குத்தம் சொல்றது."

கருவாட்டக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவனுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல அண்ணி," என்றாள் காஜாம்மா. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனதுமே நினைவு தப்பிடுச்சு. ஒண்ணும் தெரியாது அவருக்கு."

கருவாட்டக்கா மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்கக்கா," என்றேன். "நானும் கூடத்தான் இருந்தேன்."

அவள் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலையை மட்டும் அசைத்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பலகையில் சாய்ந்தாள்.

யாரோ ஒரு அம்மாள் வந்து கருவாடு கேட்டாள். கருவாட்டக்கா நகரவில்லை. இரண்டாவது தடவை கேட்டபோது காஜாம்மா பலகைக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். எதை எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தவளே வழக்கமாக வாங்குகிறதைக் காட்டினாள், இவள் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அடுத்தவருக்கும் அப்படியே கொடுத்தாள். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பொழுது சாயும்வரை அவள் விற்றுக்கொண்டிருந்தாள். பிறகு மீதியைக் கூடையில் அள்ளி, தார்ப்பாயைப் போட்டுக் கட்டி, நாத்தனாரின் கையைப் பிடித்துத் தூக்கினாள். மூன்று பேரும் நடந்தோம். தன் தெருவுக்குத் திரும்ப வேண்டிய முனையில் கருவாட்டக்கா திரும்பவில்லை. காஜாம்மாவும் நினைவுபடுத்தவில்லை.